ஃப்ரீ போனஸ் கேட்கும் கார்டு நம்பர்: நான் அணைத்தே வைத்திருக்கும் சுவிட்ச்

பேங்க் ஆப்பில் கார்டுக்கென்று இருக்கும் ஆன்/ஆஃப் வசதியை (ஆன்லைன் செலவு, வெளிநாட்டுச் செலவு என்று தனித்தனியாக நிறுத்திவைக்கும் சுவிட்ச்), ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்கிய 2020 அக்டோபரிலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். மார்த்தாண்டத்தில் மொபைல் கடை நடத்துவதால் என் கார்டு மட்டுமல்ல, கடைக்கு வருகிறவர்களின் கார்டுகளும் எப்படியெல்லாம் மாட்டுகின்றன என்று பார்க்கக் கிடைக்கிறது. அதில் ஆன்லைன் கேசினோக்காரர்களின் ‘ஃப்ரீ போனஸ்’ தனி ரகம். ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து குளச்சல் பக்கத்துப் பையன்கள் போனும் கையுமாக இருக்கும்போது இந்த விளம்பரத்தைக் காட்டி விவரம் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள்.

“அண்ணே, ஓடிபி சொன்னாத்தானே பைசா போவும்? நான் யாருக்கும் சொல்லலியே.” பணம் போனவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். இந்தியத் தளம் என்றால் பெரும்பாலும் சரி. ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு நம்பர், காலாவதி தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்க சிவிவி இவ்வளவு இருந்தாலே பணத்தை எடுத்துவிடலாம், ஏனென்றால் ஓடிபி கேட்டே ஆகவேண்டும் என்ற நம்ம ஊர் விதி அங்கே இருக்கும் வியாபாரியைக் கட்டுப்படுத்தாது. எல்லாம் முடிந்தபிறகு டாலரிலோ யூரோவிலோ ஒரு எஸ்எம்எஸ் வரும், அவ்வளவுதான். 2022 அக்டோபரிலிருந்து இந்தியத் தளங்கள் கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது, அதற்குப் பதில் ஒரு டோக்கன், அதாவது மாற்று எண்தான் வைக்கலாம். கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவில் லைசென்ஸ் வாங்கின கேசினோவிடம் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா?

டெபாசிட் வேண்டாம், சும்மா ஆடிப் பாருங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் வயதைச் சரிபார்க்கிறோம் என்று கார்டு கேட்டு, ஒரு டாலர் அளவுக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். போனஸ் தொகையை 30, 40 மடங்கு பந்தயம் கட்டி முடித்தால்தான் கையில் எடுக்கலாம் என்பது நிபந்தனைகளில் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். எடுக்கப் போகும்போது கேஒய்சி (ஆள் அடையாளச் சரிபார்ப்பு) என்று கார்டின் படம் கேட்பார்கள். முதல் ஆறும் கடைசி நான்கும் தெரிந்தால் போதும், நடு எண்களையும் சிவிவியையும் மறைத்து அனுப்பு என்று சொல்வதுதான் வழக்கம். முன்னும் பின்னும் முழுசாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் சந்தேகமே வேண்டாம், திருட்டுக் கூட்டம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை நிறுவும் ஃபைல்) இன்னும் மோசம். அதற்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்துவிட்டால் ஓடிபியை நீங்கள் சொல்லவே வேண்டாம், அதுவே படித்துக்கொள்ளும்.

என்னிடம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதே என்பேன். தமிழ்நாட்டின் 2022 சட்டப்படி ஆன்லைனில் சூதாடினால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு, 2025-ல் வந்த மத்திய சட்டம் இந்த ஆட்டங்களுக்குப் பணம் போக பேங்குகள் வழிசெய்வதையே தடுக்கிறது. அதனால்தான் கேசினோக்காரர்கள் யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்குப் போடு என்கிறார்கள். அந்தக் கணக்கு ஏதாவது புகாரில் சிக்கினால் உங்கள் கணக்கும் சேர்ந்து முடங்கலாம்.

சரி, கேசினோவை விடுங்கள், இதே மாதிரி கார்டு விவரத்தை வாங்கி வைக்கும் வேலை ஃபோட்டோ எடிட்டிங் ஆப்பின் ஃப்ரீ ட்ரையலிலும் நடக்கிறது. நான் செய்துவைத்திருப்பது இதுதான்: கடை வரவு வரும் கணக்கின் கார்டில் இண்டர்நேஷனல் எப்போதும் ஆஃப், ஆன்லைன் உச்சவரம்பும் குறைவு. வெளிநாட்டுச் செலவுக்கு வேறொரு பேங்கில் சின்னக் கணக்கு. ரிப்பேர் சாஃப்ட்வேர் டூலுக்குச் சந்தா கட்டும் நாளில் அதில் அளவாகப் பணம் போட்டு, சுவிட்ச்சை ஆன் செய்து, கட்டி முடித்ததும் ஆஃப்.

குறை இல்லாமல் இல்லை. அவசரத்துக்குத் திறந்தால் ஆப் ‘பராமரிப்புப் பணி’ என்று நிற்கும், சுவிட்ச்சோ நாலு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் தானாக அணையும்படி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், என் பேங்க் ஆப்பில் அது இல்லை. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. பணம் எடுக்க முயன்று நிராகரிக்கப்பட்டாலும் எஸ்எம்எஸ் வருகிறது. எப்போதோ ரத்து செய்த ஒரு ட்ரையல்காரன் மாதக்கணக்கில் கழித்து மறுபடியும் கையை நீட்டினது அப்படித்தான் தெரிந்தது. உடனே அந்தக் கார்டை பிளாக் செய்து புது நம்பரில் வாங்கிவிட்டேன்.

பணம் போய்விட்டால் முதலில் கார்டை பிளாக் செய்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். உங்கள் தவறும் பேங்கின் தவறும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்று 2017-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் நம்பரை நீங்களே போய் ஒரு தளத்தில் தட்டியிருந்தால் பேங்க் அதைத்தான் முதலில் பிடிக்கும். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு பிராஞ்சில் கிடைத்த பதில், “நீதானலே குடுத்த?”

2026 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் கூடுதல் சரிபார்ப்பு செய்ய பேங்குகள் தயாராக இருக்கவேண்டும் என்று புது விதி. அதிலும் அங்கே இருக்கும் வியாபாரி சரிபார்ப்பைக் கேட்டால்தான் ஓடிபி வரும். கேட்காதவனுக்காக என் சுவிட்ச் ஆஃபிலேயே கிடக்கும்.