8,500 ரூபாய் கொடுத்தும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை: பயிற்சிப் பள்ளியில் சேரப்போகிறவர்கள் கவனத்திற்கு

நேற்று முன்தினம் காலை எட்டே முக்கால் மணியளவில், வடகோவை மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னிருக்கையில் என் தாயார் அமர்ந்திருக்கும்போதே என் கார் பின்னோக்கி உருண்டுபோய் ஓர் ஆட்டோவின் முகப்பில் மோதியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. பதினொரு நாட்களுக்கு முன் கைக்கு வந்த ஓட்டுநர் உரிமம் அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. அந்த உரிமத்துக்காகவும், அதைவிட முக்கியமாகக் கார் ஓட்டக் கற்பதற்காகவும் எங்கள் பகுதியிலுள்ள ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு நான் 8,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

நான் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. என் தாயாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். கணவர் கத்தாரில் வேலை செய்வதால் அவருடைய கார் வீட்டு வாசலில் உறை போட்டபடி நிற்க, நாங்கள் இருவரும் கால் டாக்ஸிக்காகக் காத்திருப்போம். ஓட்டுநர் கடைசி நிமிடத்தில் சவாரியை ரத்து செய்வார். இந்த அவதிக்கு முடிவு கட்டத்தான் நாற்பத்து நான்கு வயதில் கார் ஓட்டக் கற்கத் துணிந்தேன்.

முதலில் பாதிப் பணம் மட்டும் கட்டுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அந்தப் பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்துக்குள் நுழைந்தேன். உரிமையாளர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், எதற்காகக் கற்க விரும்புகிறேன் என்று பொறுமையாகக் கேட்டார். தாயாரைப் பற்றிச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. தன் தந்தையும் இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்ததாகச் சொல்லிவிட்டு, "அம்மாவப் பின்னாடி உட்கார வச்சு நீங்களே ஓட்டீட்டுப் போவீங்கக்கா, அதுக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே 8,500 ரூபாயையும் அங்கேயே போனில் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. அவருடைய விசிட்டிங் கார்டின் பின்புறம் பேனாவால் '8500 பெய்டு' என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தந்தை உண்மையிலேயே இருந்தாரா என்ற ஐயம்கூட இப்போது எழுகிறது.

வகுப்பு நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்று பேச்சு. ஆனால் காரில் எப்போதும் மூன்று பேர் இருப்போம். ஒருவர் ஓட்ட, மற்ற இருவரும் பின்னால் வேடிக்கை பார்க்க வேண்டும். என் முறை வரும்போது பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்தப் பத்து நிமிடத்திலும் மாஸ்டர் போனில் பேசிக்கொண்டே வருவார். ஒரு நாள் அவருடைய மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தோம், இன்னொரு நாள் பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றோம். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என்னவென்றால், பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கத்திலும் கிளட்ச்சும் பிரேக்கும் உண்டு. ஆபத்து நேரத்தில் வண்டியை நிறுத்துவதற்காக விதிப்படி இருக்க வேண்டியவைதான் அவை. ஆனால் அவர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை காலை அவற்றிலிருந்து எடுக்கவே இல்லை. நான் கியர் மாற்றும்போதெல்லாம் கிளட்ச்சை மிதித்தவர் அவர், சிக்னலில் பிரேக் போட்டவர் அவர். நான் ஸ்டீயரிங்கைத் திருப்பியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்பதே எனக்குத் தெரியாது. "சூப்பரா ஓட்டறீங்கக்கா" என்று அவர் சொன்னபோது பூரித்துப்போனதை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

தேர்வு சமதளத் திடலில் நடந்தது. அங்கே மேடும் இல்லை, நெரிசலும் இல்லை, பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் பேருந்தும் இல்லை. தேறிவிட்டேன்.

மேம்பாலத்தில் நடந்தது இதுதான். ஏற்றத்தின் நடுவில் முன்னால் சென்ற பேருந்து நின்றது, நானும் நின்றேன். அது நகர்ந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி முன்னே போகாமல் பின்னே சரிந்தது. பதற்றத்தில் கிளட்ச்சை விட்டதும் என்ஜின் அணைந்தது, அடுத்த நொடியில் சத்தம் கேட்டது. ஆட்டோக்காரர் இறங்கி வந்தபோது வசை விழும் என்று நினைத்தேன். அவரோ பின்னிருக்கையில் தாயாரைப் பார்த்துவிட்டு, "பதறாதீங்க அம்மணி, மொதல்ல ஹேண்ட் பிரேக்கப் போடுங்க" என்றார். பிறகு சன்னலோரம் நின்று, ஹேண்ட் பிரேக்கை விடாமல் கிளட்ச்சை மெல்லப் பாதி விட்டால் வண்டியின் முகப்பு லேசாக எழும்பும், அப்போது ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது முயற்சியில் கார் ஏறியது. 8,500 ரூபாய்க்குக் கிடைக்காத பாடம், நான் இடித்த மனிதரிடமிருந்து மூன்று நிமிடத்தில் கிடைத்தது. அவருடைய விளக்குக்கும் தகரத்துக்கும் 4,200 ரூபாய் கொடுத்தேன். அது தனிச் செலவு.

அன்று மாலையே பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்தேன். மாஸ்டர் ஊருக்குப் போயிருப்பதாக வரவேற்பிலிருந்த பெண் சொன்னார். மறுபடி அழைத்தபோது உரிமையாளரே பேசினார்: "லைசென்ஸ்தான் கைக்கு வந்திருச்சே, இன்னும் என்னக்கா வேணும்?" நடந்ததைச் சொன்னேன். "லேடீஸுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும், ஓட்ட ஓட்டத் தானா வந்துரும்" என்றார். தானாக வருவதற்குள் எத்தனை பேரை இடிப்பது? 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன என்றும், அவற்றில் 17,884 பேர் இறந்தனர் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் பயனிருந்திருக்காது.

நேற்று நேரில் போனேன். நாற்காலியும் இல்லை, தண்ணீரும் இல்லை. 3,000 ரூபாய் கட்டினால் 'ரெஃப்ரெஷர்' வகுப்பு ஐந்து நாள் தருவதாகச் சொன்னார். ஏற்கெனவே கொடுத்த 8,500 என்ன ஆயிற்று என்று கேட்டபோது, பதிவேட்டை எடுத்து என் முன் வைத்தார். இருபத்தொரு நாட்கள், மொத்தம் பத்து மணி நேரம் நான் ஓட்டியதாக அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் என் கையெழுத்து. கடைசி நாளன்று, "சும்மா ஃபார்மாலிட்டிதாங்க்கா" என்று மாஸ்டர் நீட்டிய பக்கம் அது. இத்தனை ஆண்டுப் பணியில் வருகைப் பதிவேட்டில் ஒருநாள்கூட முன்கூட்டியோ பின்தேதியிட்டோ கையெழுத்திடாத நான், இங்கே வரிசையாக இட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் உண்மையில் போனது பதினேழு நாட்கள். நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து விதிகளைத் தேடிப் படித்தபோதுதான் அந்தப் பத்து மணி நேரத்துக்கும் இருபத்தொரு நாட்களுக்கும் பொருள் புரிந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31ஆவது விதி, சொந்தப் பயன்பாட்டு வாகனம் ஓட்டக் கற்பவருக்குக் குறைந்தது இருபத்தொரு நாட்கள் பயிற்சியும் பத்து மணி நேர ஓட்டமும் தர வேண்டும் என்கிறது. ஓட்டிப் பழகுவது மட்டுமல்ல, சாலை விதிகள், முதலுதவி போன்ற பாடங்களும் அதிலுண்டு. எனக்கு ஒரு நாளும் ஒரு பாடமும் நடக்கவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். இது என் மாணவர்கள் போடும் கணக்கு. முன்னால் செல்லும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டு இடத்தை எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும், இரவில் எதிரே வண்டி வந்தால் விளக்கை எப்போது தாழ்த்த வேண்டும் என்று அந்த மாஸ்டர் ஒரு சொல் சொன்னதில்லை. அரசுக் கட்டணத்தைப் பார்த்தாலும் வயிறு எரிகிறது: பழகுநர் உரிமத்துக்கு 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, உரிமத்துக்கு 200. சேவைக் கட்டணம் எதையாவது சேர்த்தாலும் 8,500இன் பெரும்பகுதி பயிற்சிக்காகவே வாங்கப்பட்டது.

இன்று காலையிலிருந்து என் எண்ணிலிருந்து அழைத்தால் மணி போகவே மறுக்கிறது, தடுத்துவிட்டார்கள் போலும்.

விரிவாக எழுத நினைத்த அறிவுரைகளை இப்போது சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள், ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இரண்டாவது வாரத்தில், "காலைத் தூக்கி மேலே வையுங்கள், நானே ஓட்டிப் பார்க்கிறேன்" என்று மாஸ்டரிடம் ஆளில்லாத சாலையில் கேளுங்கள். மேம்பால ஏற்றத்தில் ஒருமுறையாவது நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் அன்றன்றைய வரிக்கு மட்டும் கையெழுத்திடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை என்பதால் அங்கும் போவேன். நான் இட்ட கையெழுத்துகள் எனக்கு எதிராக நிற்கும் என்று தெரிந்தேதான் போகிறேன்.

நாளை தாயாருக்கு டயாலிசிஸ். கால் டாக்ஸிக்குச் சொல்லியிருக்கிறேன்.