இரைச்சல் நீக்கும் ஹெட்போன்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

காதுமெத்தைகளை மாற்றியதும் என் ஹெட்போன் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிட்டது. நெடுநாள்களாக எழுத நினைத்திருந்ததை எழுத இதைவிட நியாயமான தருணம் அமையாது. கருவி தளர்ந்திருக்கும்போது குறை சொல்வது எளிது, நன்றாக இயங்கும்போதும் குறை நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இது காதை முழுவதும் மூடும் வகையைச் சேர்ந்தது. ஒலித்தரம், பேட்டரி, புளூடூத் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் விரிவாக எழுதிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் இதைப் பெரும்பாலும் பாட்டு எதுவும் ஓடாமல், வெறும் அமைதிக்காகவே அணிகிறேன். யோசிக்க வேண்டும், பிறரோடு நிதானமாகப் பேச வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும் என்ற மூன்று தேவைகளுக்காக வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானது.

முதலில் பழுதைப் பற்றி. சில மாதங்களாகவே மின்விசிறியின் ஓசையும் பேருந்து இன்ஜினின் உறுமலும் உள்ளே கசியத் தொடங்கியிருந்தன. பழுதுபார்க்கும் இடத்தில் மைக் போய்விட்டது, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையையே மாற்ற வேண்டும் என்றார்கள். உண்மையில் கெட்டுப்போயிருந்தது மெத்தையின் மேலுறை மட்டுமே. பாலியூரித்தேனால் ஆன செயற்கைத் தோல் வியர்வையாலும் காற்றின் ஈரத்தாலும் சிறுகச் சிறுகச் சிதைந்து, வெடித்து, உரியத் தொடங்கும். மெத்தை காதைச் சுற்றிச் சரியாகப் படியாமல் சிறு இடைவெளி விழுந்தாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகள் அதன் வழியே நுழைந்துவிடுகின்றன. மூக்குக்கண்ணாடியின் தடித்த கம்பியும் இதே இழப்பை உண்டாக்கும். எனவே இரைச்சல் நீக்கம் குறைந்துவிட்டதாகத் தோன்றினால், பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் மெத்தையை மாற்றிப் பாருங்கள்.

இனி, இந்தக் கருவி எதைச் செய்கிறது என்பதை மனமார்ந்த நன்றியோடு சொல்கிறேன். மைக் வெளி இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. ஒலிபெருக்கி அதற்கு நேர் எதிரான அலையை எழுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஜெர்மானியரான பால் லூக் இந்தக் கருத்துக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் 1978-இல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில் இன்ஜின் இரைச்சலால் ஹெட்போனில் இசையைக் கேட்க இயலாமல் போன பேராசிரியர் அமர் போஸ், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கியதும், 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்ததுமே இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. விமான இன்ஜினின் இடைவிடாத உறுமலை அடக்குவதற்காகப் பிறந்த கருவி இது. அந்த வேலையை இன்றும் அபாரமாகச் செய்கிறது. சுவிட்சைத் தொட்ட கணத்தில் குளிர்சாதனமும் மின்விசிறியும் ஒருசேர விலகிச் செல்ல, அதுவரை எவ்வளவு இரைச்சலைத் தாங்கிக்கொண்டிருந்தோம் என்பது தோள்கள் தளரும்போதுதான் தெரிகிறது. இன்னொரு பலனும் உண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. பேருந்து இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் ஒருவர் அந்த எல்லையை அறியாமலே தாண்டிவிடுவார். இரைச்சலே இல்லாதபோது கூட்ட வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் யோசிப்பதற்கு இது பாதி உதவிதான். நொடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின், அதாவது 100 ஹெர்ட்ஸ் ஒலியின், அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், 3,000 ஹெர்ட்ஸில் அது 11 சென்டிமீட்டராகக் குறுகிவிடுகிறது. அவ்வளவு சிறிய அலைக்கு எதிரலையைப் பொருத்தும்போது இம்மியளவு காலப் பிசகு நேர்ந்தாலும் நீக்கம் தோற்றுவிடும். ஆகவே சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தடுக்கும் வேலை பெரும்பாலும் மெத்தையைச் சேர்ந்தது. பேச்சில் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிகளோ பெருமளவு அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன. விளைவாக, பேச்சை மூடிக்கொண்டிருந்த மின்விசிறியின் திரை விலகி, அடுத்த மேசையின் உரையாடல் மெல்லியதாக, ஆனால் முன்னைவிடத் தெளிவாக வந்து சேர்கிறது. நமக்குத் தொடர்பில்லாத பேச்சு, அது புரியாத மொழியில் இருந்தாலும்கூட, மனத்தில் வரிசையாகப் பிடித்து வைத்திருப்பதைக் குலைக்கிறது என்றும், சீரான இரைச்சல் அந்த அளவுக்குக் குலைப்பதில்லை என்றும் 1970-களிலிருந்து உளவியல் ஆய்வுகள் காட்டிவருகின்றன. அதனால் எழுதும் வேளைகளில் மழையோசையைத் தாழ்வாக ஓடவிடுகிறேன். அது பலன் தருகிறது.

தொலைபேசி உரையாடலில் கிடைத்தது நான் எதிர்பாராத மகிழ்ச்சி. தொலைவில் இருப்பவர் ஒரு சொல்லுக்கு முன்னால் தயங்குவதும், பெருமூச்சு விடுவதும், சிரிப்பை அடக்குவதும் கேட்கின்றன. "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பதை எப்படிச் சொல்கிறார் என்பது கேட்கும்போது, அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. இதற்காக மட்டுமே இந்தக் கருவிக்கு முழு மதிப்பெண் தரலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

என்னை ஓயாமல் உறுத்துவது, அதே அறையில் இருப்பவரோடு நேர்வதுதான். வெளியொலியை மைக் வழியாக உள்ளே அனுமதிக்கும் டிரான்ஸ்பரன்சி மோட் இதில் இருக்கிறது. அதை இயக்கினால் எனக்கு எல்லாமே கேட்கும். ஆனால் எனக்குக் கேட்கிறது என்பது எதிரே நிற்பவருக்குத் தெரிய எந்த வழியும் இல்லை. முழு அமைதியில் இருந்தாலும் அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு என் தோற்றம் ஒன்றேதான்: தாழிட்ட கதவு. வீட்டில் இருப்பவர் ஏதோ சொல்ல வருவார், காதைப் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார். அவசரமான செய்தியென்றால் தோளைத் தட்டிச் சொல்லிவிடுவார்கள். தோளைத் தட்டும் அளவுக்கு முக்கியமில்லாத சின்னச் சின்னப் பேச்சுகள்தான் நின்றுபோகின்றன. ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களை இணைத்து வைத்திருப்பவையும் அவைதாம். இதில் பயனரைக் குறை சொல்லும் சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். கழற்றி வைத்துவிட்டுப் பேசலாமே என்பார்கள். பேச வேண்டும் என்று முடிவெடுத்தபின் கழற்றலாம், ஆனால் வராமலே போன பேச்சுக்காக எப்போது கழற்றுவது? பேட்டரி குறைந்ததை எனக்குச் சொல்ல ஒரு விளக்கும், இணைப்பு கிடைத்ததைச் சொல்ல ஒரு குரலும் வைத்த வடிவமைப்பாளர்கள், "இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று எதிரில் இருப்பவருக்குச் சொல்ல வெளிப்புறத்தில் ஒரு சிறு வெளிச்சத்தை வைக்கவில்லை. அணிந்தவர் ஒருவரை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்த கருவி இது. ஒவ்வொரு நாளும் என் கோபம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

ஓய்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீண்ட பயணத்தின் முடிவில் களைப்பு குறைவாக இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்க இதன் வடிவம் இடம் தராது. மிகவும் அமைதியான அறையில் அணிந்தால் காதடைப்பதைப் போன்ற ஓர் அழுத்தம் சிலருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. உறங்குவதற்குக் காதில் செருகும் சாதாரண நுரை அடைப்பான்களே போதும்.

விமானத்திலும் ரயிலிலும் அடிக்கடி செல்பவர்களும், தொலைவில் இருக்கும் அன்புக்குரியவர்களோடு நெடுநேரம் பேசுபவர்களும் தயங்காமல் வாங்கலாம். இயந்திர இரைச்சலை அடக்குவதில் இதற்கு இணையாக நான் வேறெதையும் பயன்படுத்தியதில்லை. இருந்தும், இப்போதுள்ள பேட்டரி ஓய்ந்த பிறகு நான் இன்னொன்றை வாங்கப் போவதில்லை. பேருந்துக்கு நுரை அடைப்பான்கள், தொலைபேசிக்கு ஒரு காதில் மட்டும் மாட்டும் எளிய இயர்போன், எழுதுவதற்குக் கதவு உள்ள அறை என்று பிரித்துக்கொள்வேன். இந்த மூன்றும் சேர்ந்தாலும் இந்த ஹெட்போன் தரும் அமைதியில் பாதிகூட வராது என்பதை நன்கு அறிந்தே இதை எழுதுகிறேன். வெளிப்புறத்தில் அந்த விளக்கை வைத்த ஒரு மாடல் வரட்டும், மற்ற அம்சங்களைப் பார்க்காமலே வாங்கிவிடுவேன்.