தட்டட்டியில் ஒரு நானோ விஎன்ஏ

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கிய நாள் முதல் ஆண்டெனா சரிபார்க்க என்னிடம் இருந்தது ஊசி மீட்டர்தான். ஒவ்வொரு தடவையும் ரேடியோ பட்டனை அழுத்தி சிக்னல் விட்டால்தான் ஊசி நகரும். எஸ்டபிள்யூஆர் 3 என்று காட்டும் (சிக்னல் ஆண்டெனாவில் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1 என்றால் கச்சிதம்). ஆண்டெனாக் கம்பி நீளமா குட்டையா என்பதை பாண்டின் (நாம் பேசும் அலைவரிசைத் தொகுதியின்) இரண்டு முனையிலும் அழுத்திப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். அலுத்துப்போய்த்தான் நானோ விஎன்ஏ வாங்கினேன். ரேடியோ இல்லாமலே ஆண்டெனாவை அளந்து திரையில் கோடாகக் காட்டும் கையடக்கக் கருவி. 2.8 அங்குலத் திரை உள்ள சின்ன மாடல், 5000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

முதல் வேலை, 2 மீட்டர் பாண்டுக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) கிரவுண்ட் பிளேன், அதாவது நடுவில் ஒரு கம்பி நிமிர்ந்து நிற்க, கீழே நான்கு கம்பி விரிந்திருக்கும் ஆண்டெனா. பாளையங்கோட்டையில் வெல்டிங் சாமான் விற்கும் அண்ணாச்சியிடம் 5 பித்தளைக் கம்பி கேட்டேன். ரேடியோவுக்கு என்றதும், "இன்னுமா தம்பி சிலோன் கேக்குது?" என்றார். எஸ்ஓ-239 என்ற ஆண்டெனா கேபிள் சாக்கெட்டின் நடுவில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, நான்கு மூலைத் துளைகளில் நான்கை மாட்டினேன். வேண்டுமென்றே நடுக்கம்பியை 52 சென்டிமீட்டர் விட்டேன். வெட்டலாம், ஒட்ட முடியாது.

திரையில் கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கும். அந்த இடம்தான் ஆண்டெனா ஒத்துப்போகும் அலைவரிசை. எனக்கு 137 மெகாஹெர்ட்ஸில் இறங்கியது, வேண்டியது 145. ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் பள்ளம் கிட்டத்தட்ட 3 மெகாஹெர்ட்ஸ் மேலே நகர்கிறது. கண்ணால் பார்க்கலாம். கடைசி மில்லிமீட்டர்களை அரத்தால் ராவினேன். ஆனாலும் எஸ்டபிள்யூஆர் 1.4-க்குக் கீழே வர மறுத்தது. கீழ்க்கம்பிகள் நான்கும் படுக்கையாக இருந்ததுதான் காரணம். 45 டிகிரி கீழே வளைத்ததும் 1.1. அன்றைக்கே நானோ விஎன்ஏவுக்குக் கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. நெல்லை வெயிலில் அந்தத் திரையில் ஒன்றுமே தெரியாது. துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தை ஆவி பிடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கேபிளை மாட்டாமல் காலிபரேஷன் (அளக்கும் முன் கருவியைச் சரிசெய்வது) செய்து அரை நாள் வீணாக்கியது என் தப்பு. அதற்கான ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று சின்ன மூடிகளையும் கேபிளின் மறுமுனையில்தான் வைக்க வேண்டும். அளவைக் குறிக்கும்போது ஆண்டெனாவை விட்டு விலகி நில்லுங்கள், நம் உடம்பே பள்ளத்தை நகர்த்தும். அப்புறம், நானோ விஎன்ஏ இருக்கும் கேபிளில் மறந்தும் ரேடியோவை மாட்டி அழுத்தாதீர்கள், கருவி கருகிவிடும்.

நானோ விஎன்ஏவின் சின்ன எஸ்எம்ஏ முனையைப் பெரிய எஸ்ஓ-239 சாக்கெட்டுக்கு மாற்றும் அடாப்டர் என் பெட்டியில் இல்லை. சேர்த்தே ஆர்டர் போடுங்கள். நான் போடாததால் ஒரு வாரம் ஆண்டெனா தட்டட்டியில் (மொட்டைமாடியில்) சும்மா நின்றது. அம்மா அதில் வற்றல் துணியின் ஒரு முனையைக் கட்டிவிட்டாள்.