சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எங்கும் இறங்காமல் 18 மணி 40 நிமிடம்

சென்ற குளிர்காலத்தில், மூட்டுவலியால் அவதிப்படும் என் அம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இடைநில்லா விமானத்தில் நியூயார்க் சென்றேன். சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையம் வரை, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் ஏறத்தாழ 15,349 கிலோமீட்டர். அட்டவணையில் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டிய பறப்பு நேரம் குறிக்கப்பட்டிருந்தது.

இந்தத் தொலைவை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. ஆனால் விமானம் அந்த நேர்ப்பாதையில் செல்வதில்லை. வட பசிபிக் பெருங்கடலின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் மேலடுக்குக் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளும் என்பதால், பல நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் அந்த வழியே எரிபொருளுக்குச் சிக்கனமாகிறது. பயண நேரத்தை அறிய விரும்புவோர் வரைபடத் தொலைவை நம்பாமல் அட்டவணையைப் பார்ப்பதே சரி.

2004இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்துடன் அருகிலுள்ள நூவர்க்குக்குத் தொடங்கிய சேவை, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நின்றுபோனது. இரண்டே எஞ்சின்களும் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளளவும் கொண்ட ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நெடுந்தொலைவுப் பயணத்துக்கான வகை) வந்த பிறகே 2018 அக்டோபரில் அது மீண்டும் உயிர்பெற்றது; கென்னடி நிலையத்துக்கான சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. எடையைக் குறைப்பதற்காக 161 இருக்கைகள் மட்டுமே வைத்திருக்கிறார்கள். அவற்றில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே இல்லை. குடும்பத்தோடு செல்லும் நடுத்தர வருவாயினருக்கு இது பெரும் தடை என்றே கருதுகிறேன்.

நாங்கள் அமர்ந்தது பிரீமியம் எகானமியில். ஒரு வரிசை இருக்கைக்கும் அடுத்த வரிசை இருக்கைக்கும் இடையிலான தொலைவு 38 அங்குலம் இருந்ததால் அம்மாவால் காலை ஓரளவு நீட்ட முடிந்தது. வழக்கமான விமானங்களில் கேபின் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு இணையாக இருக்கும். இதில் அது 6,000 அடிக்கு இணையாக, அதாவது தரைமட்ட அழுத்தத்துக்குச் சற்று நெருக்கமாக வைக்கப்படுகிறது. இறங்கும்போது வழக்கமான தலைவலி அம்மாவுக்கு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும் பன்னிரண்டாவது மணிக்குப் பிறகு எந்த இருக்கையும் வசதியாகத் தோன்றுவதில்லை. மணிக்கொரு முறை அவரை எழுப்பி நடக்க வைத்தேன். நியூயார்க் அப்போது 13 மணி நேரம் பின்தங்கியிருந்ததால், பின்னிரவில் ஏறிய நாங்கள் அதே தேதியின் காலையிலேயே இறங்கினோம்.

இதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க்குக்குப் பறக்கிறது. அதற்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். எகானமி வகுப்பும் உண்டு. மிச்சமாகும் ஐந்து மணி நேரத்துக்காக மட்டும் இவ்வளவு கூடுதல் கட்டணம் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனியாகச் சென்றால் ஃபிராங்க்ஃபர்ட் வழியையே எடுப்பேன். நடு வழியில் இறங்கி, பாதுகாப்புச் சோதனையில் நின்று, மீண்டும் ஏற முடியாத முதியவர் உடன் வந்தால் கணக்கே வேறு. அப்படிச் செல்வோர் சன்னலோர இரட்டை இருக்கைகளை முன்பதிவின்போதே பிடித்துக்கொள்ளுங்கள்; கடைசி மூன்று வரிசைகளில் சன்னலோரம் ஒற்றை இருக்கைதான் இருக்கிறது.