செவ்வாய்ப்பேட்டை அக்கா கடை: தட்டுவடை செட்டும் சாப்பிட வரும் ஆட்களும்

சேலத்தில் தட்டுவடை செட் கிடைக்காத தெருவைத்தான் தேட வேண்டும். குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி என்று எங்கே போனாலும் சாயங்காலம் ஒரு வண்டி நிற்கும். பல இடங்களில் சாப்பிட்டுப் பார்த்த தைரியத்தில் சொல்கிறேன், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்து முனையில் இருக்கும் அக்கா கடைக்குத்தான் என் ஓட்டு. பெயர்ப் பலகை இல்லாத தள்ளுவண்டி. நான் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அஞ்சல் வழியில் உளவியல் படித்தவள். இரண்டு விஷயத்துக்கும் இந்த வண்டி தோதாக அமைந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. மற்ற ஊர்களில் தட்டை என்று சொல்வதுதான் இங்கே தட்டுவடை. இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்து மூடித் தருவதுதான் செட். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதானில் ஆளுக்கு ஆள் கைப்பக்குவம் மாறும்.

அக்கா செட் போடுவதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் ஐந்து தட்டுவடைகளைப் பரப்புவார். கரண்டியின் முதுகால் ஒவ்வொன்றிலும் பச்சைச் சட்னி ஒரு தீற்று. புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் சேர்த்து அரைத்தது. ஓரம் வரை இழுக்க மாட்டார், நடுவில் மட்டும்தான். "ஓரத்துக்குப் போச்சுன்னா வாய்க்குப் போறதுக்குள்ள நமத்துரும் கண்ணு" என்பார். அதன்மேல் கேரட், பீட்ரூட் துருவலும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கலந்த கலவை, மூன்று விரலில் அள்ளும் அளவு. மூடப்போகும் தட்டுவடையின் உள்பக்கம் வரமிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி. மூடிவிட்டு லேசாக ஓர் அழுத்து. ஒன்றுகூட விரிசல் விடாது. பீட்ரூட் சாறு ஏறி அவருடைய வலது கை விரல் நுனிகள் எப்போதும் மருதாணி வைத்த மாதிரியே இருக்கும்.

தட்டுவடை வீட்டில் சுட்டு எடுத்து வருவது. அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, ஊறவைத்த கடலைப்பருப்பு, எள், கறிவேப்பிலை. கடித்தால் சத்தம் கேட்கும், பல்லை உடைக்காது. சாதா செட் 25 ரூபாய். முறுக்கு செட், முட்டை செட், நொறுக்கல் எல்லாம் அதற்கு மேல். மாங்காய்க் காலத்தில் துருவிய கிளிமூக்கு மாங்காய் போட்டு ஒரு செட் தருவார். அதை மட்டும் தவற விடாதீர்கள்.

இந்தக் கடையை மற்ற கடைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அக்கா கேட்கும் மூன்று கேள்விகள். காரம் எப்படி? பூண்டு போடலாமா? வெங்காயம் சேருமா? புது ஆளாக இருந்தால் மூன்றையும் கேட்பார். அடுத்த முறை கேட்க மாட்டார், கை தானாக அளவு போடும். கூட்டம் முண்டியடிக்கும் நேரத்திலும் அக்கா கையால் இதில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பதில்களை வைத்து அக்கா யாரையும் எடை போடுவதில்லை. எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனதே அங்கேதான். ஏனென்றால் சுற்றி நிற்கும் நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். காரம் கேட்டால் தைரியசாலி, காரம் வேண்டாமென்றால் பயந்தாங்கொள்ளி, வெங்காயம் வேண்டாமென்றால் பிகு. செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பங்களில் பலருக்கு வெங்காயமும் பூண்டும் சேராது. புரட்டாசி வந்தால் விரதம் இருக்கிறவர்கள் ஒதுக்குவார்கள், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் ஒதுக்குவார்கள். அது வீட்டு வழக்கம், வேண்டுதல். அந்த மனிதரின் குணத்தை அதில் தேடுவது வீண் வேலை.

கொத்தமல்லி இன்னும் வேடிக்கையான விஷயம். பச்சைச் சட்னியே வேண்டாம் என்று சொல்லும் ஒரு பையன் எங்கள் பட்டறையில் மெருகு போடுகிறான். கூட இருப்பவர்கள் அவனை ஓட்டாத நாளில்லை. சிலருக்குக் கொத்தமல்லி சோப்பு மாதிரி நாறும். மணத்தை உணரும் ஒரு மரபணுவில் இருக்கும் சின்ன வித்தியாசத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக 2012ல் வந்த ஆய்வு சொன்னது. அதே வருடம் கனடாவில் கணக்கெடுத்தபோது தெற்காசியப் பின்னணி உள்ளவர்களில் 7 சதவீதம் பேர் கொத்தமல்லி பிடிக்காது என்றார்கள், கிழக்காசியப் பின்னணி உள்ளவர்களில் 21 சதவீதம். கொத்தமல்லியைத் தினமும் தின்று வளர்கிற ஊரில் எண்ணிக்கை குறைவுதான். அதனாலேயே அந்தக் குறைவான பேர்கள் அதிகமாகக் கேலிக்கு ஆளாகிறார்கள். நான் இதை விளக்கிச் சொன்ன பிறகு பட்டறையில் கொஞ்சம் அடங்கியிருக்கிறார்கள்.

சரி, காரத்துக்கு வருவோம். இதில் குணத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. மிளகாயின் காரம் நாக்கில் ருசியாக ஏறுவதே இல்லை, சூடு பட்டால் உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் அது தட்டுகிறது. அந்த வாயிலை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழு 1997ல் கண்டுபிடித்தது, 2021ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, அக்காவின் சிவப்புச் சட்னி நம் வாய்க்குச் சொல்வது 'சுடுது' என்றுதான். சுடுகிறதென்று தெரிந்தும் இன்னொன்று கேட்கிறோம். பால் ரோசின் என்ற உளவியல் அறிஞர் மெக்சிகோ கிராமம் ஒன்றில் இதைக் கவனித்தார். அங்கே குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து மெல்ல மெல்ல மிளகாய்க்குப் பழகி விரும்பத் தொடங்குகின்றன. அதே மிளகாய் கலந்த மிச்சச் சோற்றைத் தினமும் தின்னும் நாய்க்கும் பன்றிக்கும் அந்த ஆசை வருவதில்லை. ஆபத்தில்லை என்று தெரிந்த வேதனையை மனிதன் மட்டும் ரசிக்கிறான் என்பது அவர் முடிவு. 2013ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், புதுப் பரபரப்பைத் தேடிப் போகும் இயல்பு உள்ளவர்களுக்குக் காரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று தெரியவந்தது. பட்டறைப் பையன்களைப் பார்த்தால் எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. சம்பள நாளில் 'டபுள் காரம்' கேட்டு, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் அடித்துச் சிரிப்பவர்கள் அவர்கள்தான். வண்டியில் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு இருபதையும் ராத்திரியில் ஏறி இறங்குகிறவர்களும் அவர்களே.

ஆனால் கசப்பை வைத்து ஆளை அளக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தார் 900க்கு மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கேட்டு, கசப்பை விரும்புகிறவர்களிடம் பிறரைப் புண்படுத்தும் குணம் சற்றுக் கூடுதல் என்று எழுதினார்கள். அவரவர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன பதில், கிடைத்த தொடர்பும் சின்னது. அந்தச் செய்தி ஊரெல்லாம் சுற்றியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் அப்பா ஏற்காட்டில் எஸ்டேட் வேலை பார்த்தவர். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து போட்ட காப்பிச் செடி, இன்றைக்கும் அந்த மலையில் சில்வர் ஓக் நிழலில்தான் நிற்கிறது. அப்பா வறுத்த கொட்டையை வாங்கி வந்து, அரைத்து, சர்க்கரையும் பாலும் இல்லாமல்தான் குடிப்பார். அவர் ஒருவரை அதட்டி நான் கேட்டதில்லை. பாகற்காயும் சுண்டைக்காய் வற்றலும் ருசித்துத் தின்கிற நம் வீட்டுப் பெரியவர்களை அந்த ஆய்வுக்காரர்கள் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ.

அக்கா கடையில் நின்று நின்று எனக்கு உறுதியான எண்ணம் ஒன்று உண்டு. எவ்வளவு காரம் கேட்டார் என்பதை விட்டுவிடுங்கள். காரம் தலைக்கேறின பிறகு எதைச் சொல்லிச் சிரிக்கிறார், யாரை வைத்துச் சிரிக்கிறார் என்று பாருங்கள்.

என் தங்கைக்கு வரன் பார்த்தபோது, பெண் பார்க்கும் சடங்கு முடிந்த மறுவாரம் மாப்பிள்ளை வீட்டார் நகை பார்க்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தார்கள். வேலை முடிந்ததும் எல்லோரையும் அக்கா கடைக்கு அழைத்துப் போனேன். மாப்பிள்ளை தர்மபுரிப் பக்கம். "எனக்குக் காரம் கம்மியாங்க" என்றார். அவருடைய மாமா டபுள் காரம் வாங்கி, முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் தின்றார். அன்றைக்குக் கூட்டம் அதிகம். பிளஸ் டூ படிக்கும் அக்காவின் மகன் கூட நின்று உதவிக்கொண்டிருந்தான். அவன் தட்டை மாற்றிக் கொடுத்துவிட்டான். மாப்பிள்ளை முதல் கடியிலேயே முகம் சிவந்து, இருமி, கண்ணெல்லாம் தண்ணீர்.

மாமா உடனே சிரித்தார். "ஏண்டா, எது எதுன்னுகூடத் தெரியாதா உனக்கு? நீயெல்லாம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" பையன் தலையைக் குனிந்துகொண்டான். அக்காவும் அவனைத் திட்ட வாயெடுத்தார். மாப்பிள்ளை இருமலுக்கு நடுவே கையைக் காட்டி, "திட்டாதீங்கக்கா. கல்யாணத்துக்குக் கண்ணீரோட சம்மதிச்சேன்னு பின்னாடி சொல்லிக்க எனக்கு ஒரு சாட்சி வேணும்ல, தம்பிதான் சாட்சி" என்றார். பையன் நிமிர்ந்து சிரித்தான். என் தங்கை சிரித்தாள். அக்கா ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து மோர் வாங்கி வந்து கொடுத்தார்.

மோர் கொடுத்ததும் சரியான கைவைத்தியம். மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, பாலில் இருக்கும் கேசீன் புரதம்தான் அதைப் பிடித்து நாக்கிலிருந்து கழற்றும்.

உளவியல் அறிஞர் ராட் மார்ட்டினும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003ல் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்து, 32 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். கூட்டத்தைச் சேர்த்துவைக்கும் சிரிப்பு, தனக்குக் கஷ்டம் வரும்போது தன்னைத் தேற்றிக்கொள்ளும் சிரிப்பு, பிறரைக் குத்தும் சிரிப்பு, பிறர் சிரிக்கட்டும் என்று தன்னையே மட்டம் தட்டிக்கொள்ளும் சிரிப்பு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அது எனக்கு வெறும் பட்டியலாக இருந்தது. அன்றைக்கு அந்த வண்டியருகே முதல் இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்தேன், மூன்றாவதை அவருக்குப் பக்கத்திலேயே பார்த்தேன். காரம் தாங்கியவர் யார், தாங்காதவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எனக்குச் சம்மதம் என்று சொன்னேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. நான் அவரைப் பற்றி விசாரித்ததில் இந்த ஒரு சாயங்காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு, மற்றதையெல்லாம் அப்பா விசாரித்தார்.

மாமாவையும் ஒரேயடியாகக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கல்யாண வேலையில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவர் அவர். ஆனால் தனக்குக் கீழே இருப்பதாக நினைப்பவரிடம் அவர் பேசும் பேச்சில் இன்றைக்கும் அந்த முள் இருக்கிறது.

கடையைப் பற்றிக் குறையும் சொல்லியாக வேண்டும். நிற்க இடம் போதாது. பட்டறை விடும் நேரத்தில் வண்டிகள் உரசிக்கொண்டு போகும், குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்கள் கையை விடக்கூடாது. எவர்சில்வர் தட்டு தீர்ந்தால் காகிதத் தட்டு, அதில் சிவப்புச் சட்னி ஊறிக் கையில் வழிகிறது. நொறுக்கலுக்கு நான் அதிக மார்க் போட மாட்டேன். தட்டுவடையை நொறுக்கி எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறும்போது அக்காவின் கைவேலை காணாமல் போகிறது, சட்னி மட்டும்தான் மிஞ்சுகிறது. பல்லுக்கு இதமாக இருப்பதால் வயதானவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், அவர்களுக்குச் சரி.

பார்சல் வேண்டுமென்றால் தட்டுவடை தனி, சட்னி தனி, துருவல் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருவார். செட்டாகப் போட்டுக் கட்டினால் ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டுவதற்குள் நமத்துவிடும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடை போடுவார், தட்டுவடை தீரும் வரைதான் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை லீவு. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் கூட்டம் இரண்டு மடங்காகும், அப்போது ஆறு மணிக்குள் போய்விடுங்கள். போன் மூலம் பணம் அனுப்பலாம், சில்லறை இருந்தால் அக்காவுக்குச் சந்தோஷம். முதல் முறை போகிறவர்கள் காரம் கம்மி என்றே சொல்லுங்கள், அவருடைய கம்மியே நன்றாக உறைக்கும்.