பர்மாவில் மாண்ட பட்டாளத்தாரைத் தேட: போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பர்மா என்றதும் தேக்குத் தூணும் கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் (தொழில் செய்யப்) போன செட்டியார்களும்தான் பேச்சில் வருவார்கள். இரண்டாம் உலகப் போரில் அதே பர்மாவுக்குத் துப்பாக்கியும் மண்வெட்டியும் தூக்கிப் போய்த் திரும்பாத குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும் இந்த மண்ணுக்காரர்கள்தான். அவர்களைத் தேட முதலில் போக வேண்டிய இடம், உலகப் போர்களில் இறந்த பிரிட்டிஷ், இந்திய முதலான காமன்வெல்த் படையினரின் கல்லறைகளையும் பெயர்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். காசு கிடையாது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் இறந்தவர்கள் இரண்டாம் உலகப் போர்ப் பட்டியலில் இருக்கிறார்கள்.

சிக்கல் பெயரில்தான். எல்லாம் ஆங்கில எழுத்து; கருப்பையாவை அன்றைய எழுத்தர் எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாரோ அதுவே பதிவு. ஒற்றைப் பெயர்க்காரர்களின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் ஏறியிருக்கும், முன்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் முத்து, கருப்பன் என்றால் பக்கம் பக்கமாகக் கொட்டும்.

அதனால் படை எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது வீட்டுப் பெட்டியிலேயே இருக்கக்கூடும். பர்மாப் போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் பதக்கம் ஆறு முனையுள்ள வெண்கல நட்சத்திரம். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்ததில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பழம்பொருள் கடையில் பித்தளைச் சாமானோடு போட்டுவிட்டால் அந்த எண்ணும் கூடவே போய்விடும். விற்கத்தான் வேண்டுமென்றாலும் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவில் இறந்த தேதி, படைப்பிரிவு, நினைவிடம் இருக்கும். பர்மாவில் உடல் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் ரங்கூன் அருகே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில். அதில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். எரியூட்டப்பட்டவர்களுக்கு அதே கல்லறைத் தோட்டத்தில் தனி நினைவுச்சின்னம் உண்டு. மலேயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவுச்சின்னம். கூடுதல் தகவல் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தகப்பன் பெயர், பெண்சாதி பெயர், ஊர் என்று குடும்பம் எட்டிப் பார்ப்பது அந்த ஒரு வரியில்தான். பல பதிவுகளில் அது காலியாகவே கிடக்கிறது, பெரிய குறை. சிவகங்கை என்று தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்தில் இது ராமநாதபுரம் மாவட்டம். ராயவரம், அரிமளம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை சமஸ்தானம். திருப்பத்தூர் என்று வந்தால் நம்முடையதா வடஆர்க்காட்டுத் திருப்பத்தூரா என்று மாவட்டத்தைப் பாருங்கள்.

நேதாஜி படையில் சேர்ந்து இறந்தவர்களையும், ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர்களையும் இதில் தேடிப் பயனில்லை. அது மனதை உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் ஆணையத்தின் வரம்பு காமன்வெல்த் படைகளோடு நின்றுவிடுகிறது. சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களில் இறந்தவர்களுக்கு, 2019-இல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவிடத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

எழுத்துப் பிழையோ விடுபட்ட தகப்பன் பெயரோ இருந்தால், ஓய்வூதியத் தாள் போன்ற ஆதாரத்தின் நகலோடு ஆணையத்துக்கு எழுதித் திருத்தம் கேட்கலாம். பணிக் குறிப்பு வேண்டுமானால் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் படைப்பிரிவு) என்றால் பெங்களூரு. எண் இல்லாமல் எழுதாதீர்கள்.