மரவாத்தா, குயில்ட்டா, காற்றுக்காட்டியா? அமெரிக்க நாட்டுப்புறக் கலையில் முதலில் எதை வாங்குவது

அமெரிக்க நாட்டுப்புறக் கலைப்பொருள் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றின் முன்னால்தான் நிற்பார்கள். நிஜ வாத்துகளை ஈர்க்க வேட்டைக்காரர்கள் நீரில் மிதக்கவிட்ட மரவாத்து, ஒட்டுத்துணிக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்த குயில்ட் என்ற போர்வை, காற்றின் திசையைக் காட்டக் களஞ்சியக் கூரையில் சுழன்ற செப்புக் காற்றுக்காட்டி. எங்கள் தீர்ப்பு இது: முதலில் மரவாத்து, அடுத்து குயில்ட். காற்றுக்காட்டியைக் கண் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிகாய் எனப்படும் மரவாத்தில் விலையைத் தீர்மானிப்பது பெயிண்ட். அசல் பூச்சோடு இருப்பதற்கும், அதே ஆள் செதுக்கி வேறொருவர் பூசியதற்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். வேட்டைக்காரர்கள் தாங்களே அடிக்கடி மறுபூச்சு பூசினார்கள். அது மோசடி அல்ல, ஆனால் விலை இறங்கத்தான் செய்யும். மோசடி என்பது இன்று பூசிவிட்டு அன்றைய பூச்சு என்று விற்பது. அதைப் பிடிக்க லென்ஸ் ஒன்று போதும். மரம் காய்ந்து பிளந்த விரிசலுக்குள் பாருங்கள். பெயிண்ட் உள்ளே இறங்கியிருந்தால் பிளந்த பிறகுதான் பூசியிருக்கிறார்கள். தேய்மானம் அலகு நுனி, வால், உச்சந்தலை, அடிப்பக்கம் என்று கையும் படகும் உரசிய இடங்களில் இருக்க வேண்டும். முதுகின் நடுவிலும் கழுத்துப் பள்ளத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் வேலை. தலை மாற்றப்பட்டதா என்பதை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். பழைய உடலுக்குள் பளபளவென்று புது ஆணி தெரியும்.

தொடங்குகிறவருக்கு டெட்ராய்ட் நகரின் மேசன் தொழிற்சாலை வாத்து நல்ல பாடம். 1896 முதல் 1924 வரை இயங்கிய தொழிற்சாலை அது. பிரீமியர், சேலஞ்ச் என்ற உயர் ரகங்களுக்குக் கீழே கண்ணாடிக் கண், ஆணிக் கண், வரைந்த கண் என்று எளிய ரகங்களும் இருந்தன. ஆணிக் கண் வாத்து எட்டும் விலையில் கிடைக்கும். கழுத்து மூட்டில் வைத்த பூச்சுப் பசை உதிர்ந்திருப்பது இவற்றில் சகஜம். அதற்காக ஒதுக்காதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதே துறையின் மறு எல்லையில் மாசசூசெட்ஸின் எல்மர் குரோவெல் செதுக்கிய இரண்டு பறவைகள் 2007-ல் தலா 11 லட்சம் டாலருக்கு மேல் கைமாறின. பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்பதால் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டவும் வைக்கக் கூடாது.

குயில்ட்டில் சிக்கல் வேறு: போலியைவிடக் கூடுதலாகச் சேதமும் தேதிக் குழப்பமும். குயில்ட் அதில் உள்ள மிகப் புதிய துணியைவிடப் பழையதாக இருக்கவே முடியாது. 1930-களில் மேல்துணி மட்டும் தைத்து வைத்ததை அண்மையில் யாரோ முடித்திருப்பதும் உண்டு. உள்ளே பாலியஸ்டர் பஞ்சு என்றால் முடித்தது 1960-க்கு முன்பாக இருக்காது. பருத்திப் பஞ்சில் விதைத் துணுக்குகள் தெரிந்தால் மிகப் பழையது என்பார்கள். அதை நம்ப வேண்டாம், பிற்காலப் பஞ்சிலும் அவை உண்டு. புறஊதா விளக்கில் நூல் நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், ஆனால் இன்றைய சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் ஒளிரும்.

பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து, பக்கத்துத் துண்டு முழுதாக இருக்கிறதா? சாயம் பிடிக்கச் சேர்த்த இரும்பு உப்பு நூலை அரித்துவிட்டது. நிறுத்த வழியில்லை. 1880-களின் கோணல்மாணல் பட்டுக் குயில்ட்டுகளில் எடை கூட்ட உலோக உப்பு ஏற்றிய பட்டு, மடிப்பில் கீறிக் கீறி உதிரும். தொடங்குகிறவர் அவற்றைத் தொட வேண்டாம். பருத்தியில் வாங்குங்கள். சாயம் ஒட்டுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பின் மேல் ஒற்றிப் பார்க்காமல் நனைக்கவே கூடாது. பெட்டி மரத்தின் அமிலம் துணியில் கறை பிடிக்கும் என்பதால் அமிலமில்லாத தாளைச் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பராமரிப்பில் மரவாத்தைவிட இது அதிக வேலை வாங்கும். ஆனால் கொடுத்த காசுக்குச் சுவரை நிறைக்கும் வடிவமும் நிறமும் இதில்தான். 1971-ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் குயில்ட்டுகளை ஓவியம்போலச் சுவரில் தொங்கவிட்டது இந்தக் காரணத்தால்தான்.

காற்றுக்காட்டியில் காசும் அதிகம், ஆபத்தும் அதிகம். 2006-ல் பழங்குடித் தலைவர் உருவம் ஒன்று ஏலத்தில் 58 லட்சம் டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏறப் போலியும் பெருகும். செப்புத் தகட்டை அச்சில் அடித்து இரு பாதிகளைப் பற்றவைத்துச் செய்ததால், அச்சு கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் இன்னொன்று அடிக்கலாம். எனவே உருவம் எதையும் நிரூபிக்காது, மேற்பரப்பைத்தான் படிக்க வேண்டும். காற்றைப் பார்த்து நின்ற முன்விளிம்பு தேய்ந்திருக்கும். பள்ளங்களில் தங்க ரேக்கும் அதன் அடியில் மஞ்சள் பூச்சும் எஞ்சியிருக்கும். தண்டு நுழையும் குழாயின் உட்புறம் சுழன்று சுழன்று தேய்ந்திருக்கும். அமிலத்தால் வரவழைத்த பச்சைக் களிம்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்து, ஈர விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொன்று, திருட்டு. பாஸ்டன் நகரின் பழைய மண்டபமான ஃபனுல் ஹாலின் உச்சியில் 1742-ல் ஷெம் ட்ரவுன் செய்து வைத்த வெட்டுக்கிளிக் காற்றுக்காட்டியே 1974-ல் காணாமல் போய் மீண்டது. எந்தக் கட்டடத்திலிருந்து, யார் எப்போது இறக்கினார்கள் என்று விற்பவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். தர மறுத்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.